அம்மா தன் வேலையைச் சோதித்த வருடம்

அம்மா இறந்த பிறகு வீட்டுக்கு வந்த அவளுடைய அலுவலக ஆட்களில் பெரும்பாலோர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "உங்கம்மா மாதிரி காது கொடுத்துக் கேக்க ஆளில்ல. அதுதான் எங்களை மாத்திச்சு."

நான் தலையாட்டினேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் வேறென்ன செய்வது? ஆனால் அவர்கள் சொன்னதில் இரண்டாவது பாதி தவறு. அது தவறு என்று நிரூபித்ததே அம்மாதான். அதற்காக ஒரு வருடத்தையும், அவளுக்கு மிகவும் பிடித்திருந்த ஓர் அறையையும் விட்டுக்கொடுத்தாள். தன்னைப் பற்றிய நல்ல வார்த்தையாகவே இருந்தாலும் தவறென்றால் திருத்தாமல் விடமாட்டாள். இனி அதை நான்தான் செய்யவேண்டும்.

அம்மா வேலை பார்த்தது மின்தடைப் புகார்களைக் கேட்கும் ஓர் அழைப்பு மையத்தில். காற்று பலமாக அடித்தால் அங்கே எல்லா இருக்கைகளும் நிரம்பிவிடும். பல வருடம் அவளும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கினாள். பிறகு ஒரு வரிசைக்குக் குழுத்தலைவி ஆனாள். பிறகு குழுத்தலைவர்களுக்கே பயிற்சியாளர் ஆனாள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து எட்டுப் பத்துப் பேரை மேய்க்கும் அந்தத் தலைவர்களோடு ஒவ்வொருவராகப் பேசி, ஆட்களை நடத்தும் விதத்தைச் சீர்செய்வது வேலை.

அதற்காக ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுக் கோணலாகப் போட்டவை. ஒரு மேசை, ஒரு பெட்டி டிஷ்யூ. கதவைச் சாத்தினால் வெளியே இரைச்சல் கேட்காது. ஒரு மணி நேரம் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். தலைவர்கள் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டுவார்கள், பாதிப் பேர் அழுவார்கள். கிளம்பும்போது ஒரு தாளில் மதிப்பெண் போடுவார்கள். எல்லாரும் முழு மதிப்பெண்தான்.

அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அவருக்கு இது ஒரு வேடிக்கை.

"என்னம்மா, இன்னிக்கு எத்தனை பேரை அழ வெச்ச?"

"ரெண்டு பேர்."

"டிஷ்யூ செலவு கம்பெனியோடதா, நம்மளுதா?"

ஒரு நாள் அம்மா இந்தக் கேலிக்குச் சிரிக்கவில்லை. அன்று காலை ஒரு குழுத்தலைவி அறையில் ஒரு மணி நேரம் அழுதிருக்கிறாள். "இனிமே என் வரிசைப் பிள்ளைங்களை அவமானப்படுத்த மாட்டேன் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி, முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மதியம் அம்மா அழைப்புகளை எடுக்கும் கூடத்தின் வழியாக நடந்தபோது அதே தலைவி ஒரு பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லல அவ. நிஜமாத்தான் அழுதா" என்றாள் அம்மா. "மார்க்கும் மனசாரத்தான் போட்டா. ஆனா ஒண்ணும் மாறல."

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "எங்க கடையிலயும் அதேதான். கண்ணாடியை மாட்டிவிட்டு 'நல்லா இருக்கா'ன்னு கேட்டா எல்லாரும் 'நல்லாத்தான் இருக்கு'ம்பாங்க. எதிர்ல எழுத்தை வெச்சுப் படிக்கச் சொன்னாத்தான் வண்டவாளம் தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தாள். மருத்துவமனைகளில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளைச் சோதிப்பது என் தொழில்.

"உன் பம்பு சரியா வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிப்ப? பம்பையா கேப்ப?"

"வெளியே வர்ற மருந்தை அளப்பேன்."

"அப்ப எனக்கும் அதைச் சொல்லிக்குடு."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அலுவலகப் பயிற்சிகளைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். புள்ளிவிவரப் பகுதி வந்தால் என்னைக் கூப்பிடுவாள். பயிற்சியை ஒருவர் ரசித்தார் என்பதற்கும், அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதம் மாறியது என்பதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. 'இனிமேல் நன்றாக நடந்துகொள்வேன்' என்ற பொதுவான உறுதியைவிட, 'இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்' என்ற குறிப்பான திட்டம் பலருக்கு உதவுகிறது என்றும் படித்தாள். அதைப் படித்த இரவு என் அறைக் கதவைத் தட்டி, "ஒரு மணி நேரம் பேச வெச்சேனே, ஒரு நாளாவது 'எப்ப, எந்த இடத்துல'ன்னு கேட்டிருக்கேனா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புது மேலாளர் வந்தார். அம்மாவைவிட வயதில் சின்னவர், மரியாதையானவர், அவசரக்காரர். மேலிடம் பயிற்சிப் பிரிவை மூடிவிடலாமா என்று யோசிப்பதாகவும், வருட முடிவுக்குள் அது பயனுள்ளது என்று காட்டினால் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்.

"உங்க மதிப்பெண் தாளுங்க போதும் மேடம். ஒரு கிராஃபாப் போட்டுக் குடுங்க. நான் பேசிக்கிறேன்."

"அது என்னைப் பிடிச்சிருக்கான்னு கேக்குற தாள் சார். வேலை மாறிச்சான்னு அதுல இல்ல."

"அவங்க அதையெல்லாம் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்க்கிறேனே."

மேலாளர் சிரித்துவிட்டாராம். "மேடம், உங்க கேஸுல நீங்களே எதிர்த்தரப்பு வக்கீலா நிக்குறீங்க."

"நல்ல வக்கீலா நிக்கணும் சார். பதிவுகளைக் கேக்க அனுமதி குடுங்க."

கொடுத்தார். அவளை நம்பினாரா, பிடிவாதம் பார்த்துச் சலித்துப்போனாரா தெரியாது.

அழைப்பு ஒன்று கெட்டுப்போனால் குழுத்தலைவர் அந்த ஊழியரிடம் போய்ப் பேசுவார். அதற்கு அங்கே 'அலசல்' என்று பெயர். தலைவர்களின் ஹெட்செட்டிலும் பதிவு ஓடுவதால் எல்லா அலசல்களும் சேமிப்பில் இருந்தன. அம்மா மூன்று கேள்விகளை வைத்தாள். ஊழியரை முதலில் பேசவிட்டாரா? அடுத்த முறை முயல ஒரே ஒரு காரியத்தை இருவரும் பேசி முடிவுசெய்தார்களா? அடுத்த ஷிஃப்டில் அதைப் பற்றிக் கேட்டாரா? மதிப்பிட, கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேரை மேலாளரிடம் இரவல் வாங்கினாள். யார் பயிற்சி பெற்றவர், யார் பெறாதவர் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. எனக்கும் அம்மா குரல்களையோ பெயர்களையோ கொடுக்கவில்லை, எண்களைத்தான் கொடுத்தாள்.

குழுத்தலைவர்கள் எல்லாரிடமும் விளக்கிச் சம்மதம் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் சீட்டுக் குலுக்கினோம். பாதிப் பேருக்கு இப்போதே அறையில் பயிற்சி. மீதிப் பேர் சில மாதம் காத்திருக்கவேண்டும்.

முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியிருந்தார்கள்.

அதாவது பயிற்சியால் வந்தது என்று சொல்ல எதுவுமில்லை.

"உங்கம்மா முகத்தைப் பார்க்க முடியல" என்று அப்பா சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிக் கிசுகிசுத்தார். அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மேலாளர் தொலைபேசியில் நல்லவிதமாகவே பேசினாராம். இதை யாரிடமும் காட்டவேண்டாம், பழைய தாள்களே இருக்கட்டும் என்று.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை வாசலில் நிறுத்தினாள்.

"காத்திருந்தவங்க ஏன் ஏறினாங்க?"

"காரணம் ஆயிரம் இருக்கும்மா. காற்றுக் காலம் முடிஞ்சிருக்கும், அழைப்பு குறைஞ்சிருக்கும்."

"குறையல. பார்த்துட்டேன்."

"பதிவு பண்றாங்கன்னு ஜாக்கிரதையா இருந்திருப்பாங்க."

"இருக்கலாம்." கொஞ்சம் தயங்கினாள். "டீ மெஷின் கிட்ட நின்னு பேசினா அதுவும் கணக்கா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"அம்மா. யாரு கூடப் பேசின?"

"நானாப் பேசல. 'அக்கா ஒரே நிமிஷம்'னு வருவாங்க. இப்பத்தான் ஒருத்தன் சொதப்பினான், என்ன பண்றதுன்னு கேப்பாங்க. நின்ன இடத்துலயே ரெண்டு வார்த்தை சொல்வேன். மறுநாள் லிஃப்டுல பார்த்தா என்னாச்சுன்னு கேப்பேன்."

"காத்திருக்கிற ஆளுங்ககிட்டயா?"

"அவங்கதான்டி நிறைய வந்தாங்க. உள்ள கூப்பிடலையேன்னு."

உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது. "டயட்ல இருக்கிறவங்களுக்கு வாசல்ல நின்னு பஜ்ஜி ஊட்டியிருக்கா உங்கம்மா!"

அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது. சோதனையைக் கெடுத்தது அவளுடைய இரக்கம். அவளுக்கு அது உறைத்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் உறைத்திருந்தது.

"அப்ப, ஒரு மணி நேரம் உள்ள உட்கார்ந்து நான் குடுத்ததும், நின்னபடி ரெண்டு நிமிஷத்துல குடுத்ததும் ஒரே பலனைத்தான் குடுத்திருக்கு."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. அதுக்குன்னு தனியாச் சோதிக்கல."

"சரி. அப்ப சோதிக்கலாம்."

மறுபடியும் சீட்டு. இந்த முறை மூன்று குழு. ஒரு குழுவுக்கு அறையில் வழக்கமான ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு அறையே கிடையாது. அம்மா கூடத்துக்கே போவாள். ஓர் அலசல் முடிந்த சூட்டில், 'இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்' என்று ஒரே ஒரு வாக்கியத்தைத் தலைவர் வாயாலேயே சொல்ல வைப்பாள். மறுநாள் வந்து, செய்தாரா என்று கேட்பாள். மூன்றாவது குழு காத்திருக்கும், இந்த முறை உண்மையாகவே. வருட முடிவுக்குள் இன்னொரு முறை செய்ய நேரமில்லை. பிரிவு இருக்குமா, போகுமா என்பது இதில்தான்.

அதனால் அம்மா வாயை மூடிக்கொண்டாள். எதிரே பார்ப்பவர்களையெல்லாம் நலம் விசாரிக்கும் அம்மா. லிஃப்டை விட்டுப் பின்படியில் ஏறினாள். டீயை வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் எடுத்துப்போனாள். கூடத்தில் நடக்கும்போது எதிலும் சொருகாத ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அழைப்பில் இருப்பதுபோல நடித்தாள். 'மௌனச் சாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்தவர் சைரன் என்ற குழுத்தலைவர். அது அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அவர் குரல் எழும்பினால் அடுத்த மாடியில் தலை திரும்பும். சைரன் காத்திருக்கும் குழுவில் இருந்தார்.

"அக்கா, எப்பக்கா காவி கட்டுறீங்க? சொல்லிட்டுக் கட்டுங்க, மாலை வாங்கணும்."

அம்மா கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

சோதனை பாதி கடந்த நேரத்தில் ஒரு நாள் சைரன் பின்படியில் நின்றிருந்தார். கேலி இல்லை. அவர் வரிசையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒருவர் போனால் சைரனையே வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

"அக்கா, எனக்கு ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க. கத்தக்கூடாதுன்னு தெரியுது. கத்தி முடிச்சப்புறம்தான் கத்தினேன்னே தெரியுது. உங்க சீட்டு விளையாட்டு முடியறவரைக்கும் நான் தாங்க மாட்டேன்."

அன்று இரவு அம்மா என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். "நாளைக்கு அவர்கிட்டப் பேசப் போறேன்."

"சரி. அப்ப அவரைச் சோதனையிலிருந்து எடுத்துடறேன்."

"எடுக்காதே."

"அம்மா, நீ பேசினா அவர் மாறலாம். அவர் மாறினா காத்திருக்கிற குழுவோட சராசரி ஏறும். ஏற்கனவே இருக்கிறதே கொஞ்சம் பேர். வித்தியாசமே தெரியாமப் போயிடும். உன் பிரிவு போயிடும்."

"தெரியும். ஆனா சீட்டு விழுந்த இடத்துல ஆளை வெச்சுத்தான் எண்ணணும்னு நீதானே சொன்ன? எனக்குச் சாதகமா இருந்தாத்தான் அந்த விதியா?"

நான்தான் சொல்லியிருந்தேன். முதல் வாரத்திலேயே.

"அவருக்கு உதவுறது என் வேலை" என்றாள். "உதவினதை மறைக்காம எண்ணுறது உன் வேலை. ரெண்டும் நடக்கட்டும்."

மறுநாள் அம்மா சைரனின் வரிசைக்குப் போய் ஓரமாக நின்றாள். அவர் கத்தும்வரை காத்திருந்தாள். அதிக நேரம் ஆகவில்லை. குரல் உயர்வதற்கு முன் உடம்பு உயர்கிறது என்பதைப் பார்த்தாள். முதலில் நாற்காலியிலிருந்து எழுகிறார், பிறகுதான் சத்தம்.

"எந்திரிக்கும்போதே ஆரம்பிச்சிடுறீங்க" என்றாள். "அடுத்த தடவை அழைப்பு கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க?"

"கத்த மாட்டேன்."

"அது பண்றது இல்ல, பண்ணாம இருக்கிறது. என்ன பண்ணுவீங்க?"

சைரன் தன் நாற்காலியைப் பார்த்தார். "எந்திரிக்க மாட்டேன். நாற்காலியைத் தள்ளிக்கிட்டே அழைப்பை எடுத்தவங்க பக்கத்துல போவேன். போயி, என்னாச்சுன்னு கேப்பேன்."

"நாற்காலிக்குச் சக்கரம் இருக்கா?"

"இருக்கு. ஒண்ணு சுத்தாது."

"ரொம்ப நல்லது. போய்ச் சேர நேரமாகும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சைரனும் சிரித்தார். அம்மா மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள்.

வருட முடிவில் எண்கள் என் கைக்கு வந்தன. கூடத்தில் பயிற்சி பெற்ற குழு தெளிவாக உயர்ந்திருந்தது. காத்திருந்த குழு, சைரனையும் சேர்த்து எண்ணியும், கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. அறையில் பயிற்சி பெற்ற குழுவைக் காத்திருந்த குழுவிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. மதிப்பெண் தாளில் மட்டும் அறைக்கு முழு மார்க். கூடத்துப் பயிற்சிக்குச் சுமாரான மார்க். ஒருவர், 'மறுநாளும் வந்து நச்சரிக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

அம்மா எண்களை நின்றபடியே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிரிவு பிழைத்துவிட்டது என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அறையின் எண்களிலேயே விரலை வைத்திருந்தாள். எத்தனை வருடம், எத்தனை பேர், கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள்.

"அவங்களுக்கு ஆறுதலா இருந்திருக்கும்மா" என்றேன்.

"இருந்திருக்கும். அது பொய்யில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கூடத்துல திட்டு வாங்கின பொண்ணுங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. அவங்களுக்காகத்தான் சம்பளம் வாங்கினேன்."

மேலாளரிடம் கொடுத்த அறிக்கையை அவளே எழுதினாள். ஆட்கள் குறைவு, இந்த முடிவு இன்னோர் இடத்தில் மாறலாம் என்று முதல் பத்தியிலேயே போட்டாள். முதல் சோதனையைத் தான் கெடுத்த விதத்தையும் போட்டாள். சைரனுக்கு உதவியதையும் போட்டாள். அறைப் பயிற்சியை நிறுத்தலாம் என்று கடைசியில் பரிந்துரைத்தாள்.

மேலாளர் இரண்டு முறை படித்தாராம். "அறைப் பகுதியை எடுத்துட்டு அனுப்பலாமே மேடம். மீதியே போதும்."

"அனுப்பினா முழுசா அனுப்புங்க சார். இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க."

முழுதாகவே போனது. பிரிவு நின்றது. அந்த வாரமே அம்மா அறையைக் காலிசெய்து இரண்டு நாற்காலிகளையும் கூடத்துக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை அவளுக்கு மேசையே கிடையாது. வரிசைக்கு வரிசை நடந்தாள். ஒரு வருடம் கழித்துத் திரும்ப அளந்தபோது சிலர் பழைய நிலைக்குச் சறுக்கியிருந்தார்கள். அதையும் எழுதி அனுப்பினாள், அவர்களிடம் மறுபடியும் போனாள். முன்பு போல யாரும் அவள் கையைப் பிடித்து அழவில்லை. அது அவளுக்குக் குறையாகவே இருந்தது. என்னிடம் ஒரு தடவை சொன்னாள், அதோடு விட்டாள்.

நான் சோதிக்கும் பம்பு எதையும் நான் நேசித்ததில்லை. அதனால் என் வேலை சுலபம். அம்மா தான் நேசித்ததை எடுத்து மேசைமேல் வைத்து அளந்தாள்.

அவள் எப்படி வேலை செய்தாள் என்று கேட்பவர்களுக்கு, ஒரு நாள் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். கூடத்தில் ஒரே இரைச்சல். அம்மா ஒரு வரிசையை நோக்கி வருவதைப் பார்த்ததும் அங்கிருந்த குழுத்தலைவி, மூளை இருக்கிறதா என்று அன்று கேட்டாளே அவள்தான், பக்கத்தில் இருந்தவரிடம், "வந்துட்டாங்கப்பா" என்று முணுமுணுத்தாள். அம்மாவுக்குக் கேட்டது.

"வந்துட்டேன். நேத்து என்ன செய்யறதாச் சொன்னீங்க?"

"அழைப்பை எடுத்தவளை முதல்ல பேச விடுறேன்னு சொன்னேன்."

"விட்டீங்களா?"

"மறந்துட்டேன் அக்கா."

"பரவாயில்ல. அடுத்த அழைப்பு எப்ப கெட்டுப்போகும்?"

"இந்தக் காத்துக்கு? இதோ, இப்பவே போகும்."

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள் அம்மா. சாப்பாட்டை அந்தத் தலைவியின் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகும்படி எனக்குச் சைகை காட்டினாள்.